ஐயாயிரத்து நானூறு மைல்

அம்புறோஸ் மாஸ்டர் கணக்கில் பிழை விட மாட்டார் என்று கண்டி, கட்டுக்கலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த அம்புறோஸும் நான்தான், அப்படிச் சொல்ல வைத்தவனும் நான்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, போகிற வருகிற இடமெல்லாம் அதைப் பற்றியே பேசினால் சனங்களும் பாவம், வேறு என்ன செய்வார்கள்? அந்த மண்டைக்கனத்தோடுதான் 1937ஆம் வருஷம் ஒக்டோபர் மாதம் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் கை வைத்தேன். நோன்புக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

பக்கத்து வீடு சாஹுல் ஹமீதுடையது. மாணிக்கக்கல் வியாபாரி. கல் விற்க ஜூன் மாதம் லண்டனுக்குக் கப்பலேறியவர் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் அவருடைய மனைவி பஸீஹாவும் ஒரே மகள் மஸீனாவும் இருந்தார்கள். குடும்பப் பொறுப்பைத் தம்பி ஹபீலிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஹபீல் கெலிஓயாவில் புடவைக் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாத ஆள். மூன்று மாதத்துக்குள் மஸீனாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை கலகெதரயில் கொப்பராவும் மிளகும் வாங்கி விற்கும் முதலாளி. மனைவி இறந்து ஒரு வருஷம். வயது நாற்பத்தாறு. மஸீனாவுக்குப் பத்தொன்பது. முதலாளியின் மூத்த மகன் மஸீனாவைவிட ஒரு வயது பெரியவன். பஸீஹாவுக்கு இந்தச் சம்பந்தம் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் புருஷனின் தம்பியை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷி. அழுகையெல்லாம் பின்பக்கச் சுவரடியில், என் மனைவி கத்தரீனாவிடம்தான்.

கடைசியில் தந்தி அடிப்பதென்று முடிவாயிற்று. எழுதிக் கொடுக்கிற ஆள் நான். "மகளுக்குப் பொருந்தாத கல்யாணம், தடுக்க உடனே வரவும்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். பஸீஹா கதவுக்குப் பின்னால் நின்றபடியே பதறிப்போனார்.

"அல்லாஹ்வே, அப்பிடியெல்லாம் எழுத வேணாம் மாஸ்டர். எத்தின பேர் படிப்பாங்க! அவர்ட தம்பியப் பத்தி நானே ஊருக்குச் செல்ற மாதிரி ஈக்கும். 'கெதியா வாங்க' எண்டு மட்டும் போடுங்க. அவருக்கு விளங்கும்."

நானும் அப்படியே எழுதினேன். சீக்கிரம் வரச் சொல்லி இரண்டே இரண்டு சொல். சனிக்கிழமை பின்னேரம் பதில் தந்தி வந்தது. "ஞாயிறு காலை விமானத்தில் புறப்படுகிறேன். சாஹுல்."

விமானத்தில்! கட்டுக்கலையில் அதுவரை ஆகாயத்தில் போனது காக்கையும் வௌவாலும்தான். பஸீஹா கதவிடுக்கால் தந்தித் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"எத்தின நாளில வந்து சேருவார் மாஸ்டர்? சரியாப் பாத்து செல்லுங்க. அதுக்குள்ள ஹபீல் நாள் வெச்சிட்டார் எண்டா நான் என்ன செய்ய?"

சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டுமா? பள்ளிக்கூடத்துச் சாவி என்னிடம் இருந்தது. ஓடிப்போய் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களுடைய முன்னறை மேசையில் வைத்தேன். கத்தரீனாவின் தையல் பெட்டியிலிருந்து நூலும் இரண்டு குண்டூசியும் எடுத்தேன். லண்டனில் ஒரு ஊசி, கொழும்பில் ஒரு ஊசி, நடுவில் நூலை இறுக்கிப் பிடித்து, அந்த நீளத்தை நடுக்கோடான பூமத்திய ரேகையில் வைத்து அளந்தால் ஐயாயிரத்து நானூறு மைல். புதிய விமானம் மணிக்கு நூற்றைம்பது மைல் போகிறதென்று பேப்பரில் படித்திருந்தேன். வகுத்தால் முப்பத்தாறு மணித்தியாலம். லண்டனுக்கும் நமக்கும் இடையில் சூரியன் ஐந்தரை மணி நேரம் பிந்துகிறதே, அதையும் மறக்காமல் கூட்டிக்கொண்டேன். எண்ணெய் ஊற்ற, ஏற, இறங்க என்று தாராளமாக இன்னும் ஒரு நாள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில்.

"புதன்கிழமை பின்னேரம்," என்றேன். "அதுக்கு மேல போகாதுங்க அக்கா."

அப்போது தாய்க்குப் பின்னாலிருந்து மஸீனாவின் குரல் வந்தது. "மாஸ்டர், ராவையில விமானம் பறக்குமா?"

பன்னிரண்டு வயது வரைக்கும் எங்கள் வீட்டு மேசையில் என்னிடம் கணக்குப் படித்தவள் அவள். பெரிய பிள்ளையானதும் வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். தொட்டியில் ஒரு குழாயால் தண்ணீர் வந்து மறு குழாயால் போகிற கணக்கைக் கொடுத்தால், "வெயிலுக்கு வத்திற தண்ணி மாஸ்டர்?" என்று கேட்பாள். அப்போதே எனக்கு அது எரிச்சல்.

"விமானத்துக்கு ராத்திரி என்ன பகல் என்ன மகள்? ராத்திரியில ரயில் ஓடலியா? கப்பல் ஓடலியா?" என்று சிரித்தேன்.

உருண்டையை அவர்கள் மேசையிலேயே விட்டுவிட்டு, பெரிய காரியம் செய்துமுடித்த நடையில் வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை ஹபீல் வந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். உரக்கப் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். ஹபீலுக்கு மெல்லப் பேச வராது.

"வாற வியாழன் அஸருக்குப் பொறகு நிக்காஹ்வ வெப்பம் மதினி. இல்லாட்டி அடுத்த திங்கள். அதத் தாண்டினா நோன்பு வந்திடும். நீங்களே செல்லுங்க, எது வசதி?"

பஸீஹா தேத்தண்ணீர் போடுகிற சாக்கில் பின்பக்கம் வந்து கத்தரீனாவைக் கூப்பிட்டார். கத்தரீனா உள்ளே வந்து என்னைக் கேட்டாள். முதலில் சொன்ன நாளை விட்டுத் திங்களென்று தள்ளினால் ஹபீலுக்குச் சந்தேகம் வரும், காரணம் கேட்பார், தந்தி அடித்த விஷயம் வெளியே வரும். அதுதான் பஸீஹாவின் பயம். ஆனால் வியாழனுக்குள் புருஷன் வந்துவிடுவாரா?

நான் கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை. "தாராளமா வியாழன்னு சொல்லச் சொல்லு. புதன் பின்னேரம் மனுஷன் வந்து வாசல்ல நிப்பாரு."

"நிச்சயமாத்தானே?" என்றாள் கத்தரீனா.

"நீ என்னைக்கு எங்கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கினே?"

அவள் போனாள். பஸீஹா வியாழன் என்றார். ஹபீல் மகிழ்ந்துபோய் அன்றைக்கே கலகெதரவுக்கு ஆள் அனுப்பினார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நேரே கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். கொழும்பு ரயில் வந்தது. இறங்கியவர்களில் தோட்டத்துத் துரை இருந்தார், பிக்குமார் இருந்தார்கள், கோழிக்கூடையோடு ஒரு பெண் இருந்தாள். சாஹுல் ஹமீது இல்லை. சரி, அடுத்த ரயில். அடுத்ததிலும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. பிளாட்பாரத்தில் நடந்து நடந்து மனதுக்குள் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான் வந்தது. கணக்கு சரி, மனிதரைக் காணவில்லை. அப்படியானால் விமானம் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். என் கணக்கில் பிழை இருக்கும் என்று நினைப்பதற்கு முன்னால் ஒரு விமானத்தையே கடலில் விழுத்திவிட்டேன். அப்படிப்பட்டவன் நான்.

வீட்டுக்கு வந்தபோது பஸீஹா சுவரடியில் நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்குகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வியாழன் காலை, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வார்ட் வீதிக்குப் போனேன். கப்பலுக்கும் விமானத்துக்கும் டிக்கட் எழுதுகிற ஒரு கந்தோர் அங்கே இருந்தது. உள்ளே கிளாக்கர் மேசையில் இருந்தவன் கிளறன்ஸ். என்னிடம் படித்தவன். வகுத்தல் கணக்கில் அவனுக்கு நான் முப்பதுக்கு மேல் போட்டதே இல்லை. நான் என் கணக்கைச் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, அச்சடித்த கால அட்டவணை ஒன்றை எடுத்து விரித்தான்.

"முப்பத்தாறு மணித்தியாலம் பறக்குறது சரிதான் சேர். ஆனா ராத்திரியில இறக்கி நிப்பாட்டிருவாங்க. பகல்ல மட்டுந்தான் பறப்பு. முத ராத்திரி இத்தாலி, மறுநாள் எகிப்து, அப்புறம் பஸ்றா, அப்புறம் கராச்சி. கராச்சியில வேற விமானம் மாறணும். அப்புறம் மதராஸ்ல ஒரு ராத்திரி."

"ஏன் நிப்பாட்டணும்?"

"இருட்டுல எங்கன்னு இறங்குறது சேர்? பைலட்டும் மனுஷன்தானே, படுக்க வேணாமா?"

ஞாயிறு புறப்பட்டவர் வெள்ளி பின்னேரம் கொழும்பு ரத்மலானையில் இறங்குவார். சனிக்கிழமை ரயிலில் கண்டி. அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராவையில விமானம் பறக்குமா? பத்தொன்பது வயதுப் பிள்ளை சுவருக்குள் இருந்துகொண்டு கேட்ட கேள்வி. என் கணக்குப் புத்தகத்தில் ஒரு ரயிலும் நித்திரை கொண்டதில்லை. ஒரு வண்டிக்காரனும் மாட்டை அவிழ்த்துக் கட்டியதில்லை. அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கத்தால் காது சுட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பஸீஹா திங்கட்கிழமை என்றே சொல்லியிருப்பார். தகப்பன் சனிக்கிழமையே வந்து எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார்.

அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக, நிக்காஹ் நடத்தி வைக்கிற காதியாரின் வீட்டுக்குப் போனேன். தாஸிம் ஆலிம் அந்த வருஷம்தான் புதிதாகக் காதியாக நியமிக்கப்பட்டிருந்தார். அதற்கு முன்னாலும் நிக்காஹ் எழுதி வந்தவர்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழையையும் மறைக்கவில்லை.

"தகப்பன் உசுரோட இருக்கையில அவரில்லாம எப்படிங்க ஆலிம்சா கல்யாணம் பண்ணி வைக்கிறது?"

"வாப்பா ரெண்டு மர்ஹலாவுக்கு அங்கால ஈந்தா, காதி அவர்ட எடத்தில வலியா, பொறுப்பாளியா நிக்கேலும் மாஸ்டர். ரெண்டு மர்ஹலா எண்டா சுமையேத்தின ஒட்டகம் ரெண்டு நாள் போற தூரம். நம்மட மைலுக்கு அம்பது சொச்சம் வரும். சாஹுல் ஹமீது இப்ப எங்க ஈக்கிறார்?"

அட்டவணையை நினைத்துப் பார்த்தேன். "கராச்சிக்கும் மதராசுக்கும் நடுவுல, ஆகாயத்துல."

"அப்ப தூரம்தானே."

"நாளன்னைக்கு வந்துருவாருங்க. ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"புதன்கெழம வருவார் எண்டு செல்லினதும் நீங்கதானே மாஸ்டர்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடச் சுட்டது. "மாப்பிள்ள வீட்டார் கலகெதரயில இருந்து வந்திட்டிருக்கிறாங்க. நாள் குறிச்சது புள்ளட உம்மா. நான் எதச் செல்லி நிப்பாட்ட?"

நான் எழும்பினேன். வாசல்வரை வந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டு மட்டும் ஈக்கி. வாப்பா பக்கத்தில ஈந்தா, பொருத்தமான மாப்பிள்ளைக்கு மகள்ட்ட கேக்காமலே கொடுக்க அவருக்கு உரிமை ஈக்கி. கேக்கிறது நல்லம், ஆனா கட்டாயமில்ல. எனக்கு அந்த உரிமை இல்ல. நான் காதி. நான் புள்ளட்ட கேட்டே ஆகணும்."

"அவ வேணாம்னு சொன்னா?"

"வேணாம் எண்டா வேணாம்தான். ஆனா கன்னிப் புள்ள வெக்கப்பட்டுப் பேசாம ஈந்தா அதையே சம்மதமா எடுப்பம். இருவத்தஞ்சு வருஷமா நிக்காஹ் எழுதுறன் மாஸ்டர். ஒரு புள்ளயும் வாய் துறந்ததில்ல."

வீட்டுக்கு வந்து கத்தரீனாவைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்தினேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம், அதை அந்தப் பிள்ளையிடம் சொல் என்றேன். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள்.

"சொன்னேன். 'எனக்குத் தெரியும்'னா."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"அவ மார்க்கம் அவளுக்குத் தெரியாதா? நமக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சுது." கதிரையில் உட்கார்ந்தாள். "சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. நல்லாச் சாப்பிட்டா."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கவலை தீர்ந்தவர்களும் அப்படிச் சாப்பிடுவார்கள். எல்லாவற்றையும் கைவிட்டவர்களும் சாப்பிடுவார்கள். கத்தரீனா செபமாலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். எனக்குச் செபமும் வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முற்றத்தில் தகரம் போட்ட பந்தல். எழுபது எண்பது பேர் இருக்கும். அத்தரும் பன்னீரும் புரியாணியும் ஒன்றாக மணத்தன. அயல்வீட்டுக்காரன் என்று மரியாதை செய்து, உள்ளறை வாசலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். அந்த வாசலில் பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். கத்தரீனாவும் அங்கேதான். மேசையின் மூலையில் என் உலக உருண்டை, நூலும் ஊசியும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கலகெதர முதலாளி தலையில் ஜரிகைத் தொப்பியோடு பாயில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன். அண்ணன் விமானத்தில் வருகிற செய்தி இதற்குள் ஹபீலின் காதுக்கும் போயிருந்தது. அவர் அசையவில்லை. "நானா வந்து மருமகனப் பாத்து சந்தோசப்படுவார்" என்று தன் அண்ணனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காதியார் இரண்டு சாட்சிகளோடு எழும்பித் திரைக்கு முன்னால் வந்து நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து மழை தகரத்தில் விழத் தொடங்கியது.

"மகள் மஸீனா, உங்கட வாப்பா தூரத்தில ஈக்கிறதால நான் வலியா நிக்கிறன். கலகெதர முதலாளிக்கு உங்கள நிக்காஹ் செஞ்சி கொடுக்க எனக்கு அனுமதி தாறீங்களா?"

மழைச் சத்தம்தான் கேட்டது. திரை அசையவில்லை. யேசுவே, பேசு பிள்ளை, பேசு என்று மனதுக்குள் கத்தினேன்.

"வெக்கப்படுது புள்ள," என்றார் ஹபீல் பந்தலிலிருந்து. "போதும் ஆலிம்சா."

சாட்சிகள் தலையாட்டினார்கள். ஒருவர் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டார். காதியாரும் ஒரு காலை எடுத்து வைத்தார். என்னைக் கண்டாரோ என்னவோ, எடுத்த காலைத் திரும்ப வைத்தார்.

"மழையில கேட்டிச்சோ தெரியா. இன்னொருக்கா கேக்கிறன் மகள். பேசாம ஈந்தா நான் சம்மதம் எண்டுதான் எடுப்பன். விளங்கிச்சா?"

"விளங்கிச்சி," என்றது திரைக்குள்ளிருந்து குரல். "அதான் பேசுறன். எனக்கு விருப்பமில்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மழையையும் மீறிப் பந்தலின் கடைசி வரிசைவரை கேட்டது. காதியார் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, விரித்து வைத்திருந்த பதிவுப் புத்தகத்தை மூடினார்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. கலகெதர முதலாளி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. ஹபீல் திரையைப் பார்த்துச் சொன்னார்: "நல்லம். நானா வரட்டும். அவர் யாரிட்டயும் கேக்கத் தேவையில்ல."

அந்தப் பேச்சு என்னைத் தைத்தது. ஆனால் வருகிறவர் தாய் கூப்பிட்டுத் தடுக்க வருகிறவர்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை ரயிலில் சாஹுல் ஹமீது வந்து இறங்கினார். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. விமானச் சத்தத்தில் காது அடைத்துப்போய் நான் சொல்வதை இரண்டு தரம் கேட்டார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் நாடா கட்டிய மட்டைப் பெட்டி. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"நிக்காஹ் எண்டைக்கு மாஸ்டர்?" என்றார் முதல் வார்த்தையாக. "பிந்திட்டேனா?"

நான் விழித்தேன்.

"தம்பி செப்டம்பர் மாசமே மாப்பிள்ளையப் பத்தி எழுதினான். நல்ல எடம், நோன்புக்கு முந்திச் செய்வம் எண்டு. வயசப் பத்தி ஒண்டும் எழுதல்ல. சரி, செய், எனக்குப் பதிலா வக்கீலா நீயே நில்லு எண்டு நானும் மறுமொழி எழுதிக் கப்பல் தபால்ல போட்டேன். அது வந்து சேர முந்தியே 'கெதியா வாங்க' எண்டு தந்தி. ஒரே மகள்ட கல்யாணம் மாஸ்டர். கப்பல்ல வந்தா பிந்திடும் எண்டுதான் உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஆகாயத்தில ஏறினேன்." மட்டைப் பெட்டியைத் தட்டினார். "லண்டன் பட்டு. நிக்காஹ் உடுப்புக்கு."

இரண்டே சொல்லில் நான் எழுதிக் கொடுத்த தந்தி! தடுக்க வருகிறார் என்று நாங்கள் ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதர் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க ஐயாயிரத்து நானூறு மைல் பறந்து வந்திருக்கிறார்.

ஸ்டேஷனிலிருந்து கட்டுக்கலைக்கு ஒரு மைல் கூட இருக்காது. அந்த நடையில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாப்பிள்ளையின் வயது, பஸீஹாவின் அழுகை, என் கணக்கு, காதியார், பச்சைத் திரை. தெருத் திருப்பத்தில் அவர் நின்றார்.

"மகளே செல்லினாவா? அவட வாயால?"

"அவ வாயாலதான்."

"எத்தின பேருக்கு முன்னால?"

"எண்பது பேர் இருக்கும்."

"சத்தம் போட்டாவா?"

"சத்தம் போடல. தெளிவாச் சொன்னா."

மட்டைப் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். "நீங்க செல்லின மாதிரி புதன்கெழம நான் வந்தீந்தா, வியாழன் நானே கொடுத்தீப்பன் மாஸ்டர். தம்பிக்கு வாக்குக் கொடுத்திட்டேன். மகள்ட்ட கேட்டும் ஈக்க மாட்டன்."

சனிக்கிழமை என்று நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், திங்கட்கிழமை. கணக்கில் பிழை விட்டதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் அது இன்னும் முடிந்துபோன காரியமில்லை. அவர் பிள்ளையின் பக்கமா, தம்பியின் பக்கமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் போனார், கதவு சாத்திக்கொண்டது. சுவரின் இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.

ஞாயிறன்று பூசை முடிந்து வந்தபோது உலக உருண்டை எங்கள் வாசல் கதிரையில் இருந்தது. நூலை அவிழ்த்து, இத்தாலி, எகிப்து, பஸ்றா, கராச்சி, மதராஸ் என்று சுற்றி மறுபடி கட்டியிருந்தாள் மஸீனா. தகப்பன் படுத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குண்டூசி. அவர்தான் இடங்களைச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு பேரும் பேசுகிறார்கள் என்று கத்தரீனாவிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஹபீல் வந்தார். கப்பல் தபால் அன்றைக்குத்தான் கெலிஓயாவுக்கு வந்திருந்தது. வெட்கமில்லாமல் சுவரில் காதை வைத்துக்கொண்டேன். கத்தரீனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் வந்து காதை வைத்தாள்.

"இது யார்ட கையெழுத்து நானா?" என்றார் ஹபீல். கடிதம் விரிகிற சத்தம்கூடக் கேட்டது. "'நான் பொருந்திக்கொண்டேன். எனக்கு வக்கீலாக நீ நில்' எண்டு நீங்கதானே எழுதியீக்கிறீங்க? அவ எண்பது பேருக்கு முன்னால செல்லிட்டா எண்டு உங்கட வாக்கு இல்லாமப் போகுமா? முதலாளிட்ட நான் போய்ப் பேசுறன். நீங்க ஒரு சொல் செல்லுங்க."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று.

"என்ட கையெழுத்துத்தான்," என்றார் சாஹுல் ஹமீது. "லண்டன்ல ஈந்த ஒரு மனுஷன் எழுதினது ஹபீல். ஐயாயிரம் மைலுக்கு அங்கால ஈந்தான். மகள்ட சத்தம் அவனுக்குக் கேக்கல்ல. நான் இப்ப ஊட்டுல ஈக்கிறன்."

கடிதம் கிழிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.